பிளக்கைப் பழிக்கும் முன்: காரில் ஸ்பார்க் பிளக் பழுதும் மாற்றும் முறையும், அறிகுறி வாரியாக

பெட்ரோல் கார் உதறினாலும், மேட்டில் திணறினாலும், காலையில் கிளம்ப மறுத்தாலும் முதல் பழி, சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கின் தலையில்தான் விழுகிறது. விலை குறைவு, எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும், மாற்றுவதும் சுலபம். அதனால் எல்லோருடைய கையும் முதலில் அங்கேதான் போகிறது. பல சமயம் அது சரியாகவும் அமைந்துவிடுகிறது. சரியாக அமையாதபோது புதுப் பிளக்கும் சில வாரங்களில் பழையதைப் போலவே கருத்துப்போகும். செலவழித்தவர் பிளக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார்.

என் கட்சி இதுதான்: பழைய பிளக்கின் முகத்தைப் பார்க்காமல் புதியதை வாங்கக் கூடாது. இன்னொன்று, இந்த வேலையில் பிளக்கைவிட அது அமரும் மரைதான் (பிளக்கைத் திருகிப் பூட்டும் சுருள்வரி) விலை உயர்ந்தது. பிளக் சில நூறு ரூபாய். அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் மரை போய்விட்டால் ஹெட்டையே கழற்றி லேத் பட்டறைக்குத் தூக்க வேண்டிவரலாம். கீழே எழுதியிருப்பதில் பெரும்பங்கு அந்த மரையைக் காப்பதற்காகத்தான்.

இங்கே சொல்வது நம் சாலைகளில் அதிகம் ஓடும் 3, 4 சிலிண்டர் பெட்ரோல் கார்களுக்கு. அதாவது ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனி இக்னிஷன் காயில் (பேட்டரி மின்சாரத்தைப் பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டாக மாற்றும் பாகம்) அமர்ந்திருக்கும் வகைக்கு. மாருதி 800 போன்ற பழைய வண்டிகளில் காயிலிலிருந்து பிளக்குக்குத் தடித்த வயர் போகும். அவற்றுக்கு வேறுபடும் இடத்தில் சொல்கிறேன். டீசல் காரில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அதில் இருக்கும் குளோ பிளக் வேறு சமாச்சாரம்.

கை வைக்கும் முன்

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினியத்தில் மரை இழுபட்டுப் பிளக்கோடு பிய்ந்து வரும் வாய்ப்பு அதிகம். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் திறப்பது உத்தமம். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள்.

ஓடும் இன்ஜினில் பிளக்குக்குப் போகும் மின்சாரம் 20,000 வோல்ட்டுக்கும் மேல். எந்த சிலிண்டர் எரியவில்லை என்று கண்டுபிடிக்க, ஓடிக்கொண்டிருக்கும்போதே வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் பழைய பட்டறைகளில் உண்டு. இன்றைய கார்களில் அது கையைச் சுடுவதோடு காயிலையும் கெடுக்கும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஓடும் இன்ஜினின் இக்னிஷன் பகுதிக்கு அருகில் குனியவே வேண்டாம்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. ராட்செட், நீளமான எக்ஸ்டென்ஷன், காயில் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 மி.மீ. சாக்கெட், பிளக்குக்கு 16 அல்லது 14 மி.மீ. பிளக் சாக்கெட். பழைய வண்டிகளில் 21 மி.மீ. இருக்கும். பிளக் சாக்கெட்டின் உள்ளே ரப்பரோ காந்தமோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாத சாதாரண சாக்கெட் பிளக்கைக் கிணற்றுக்குள்ளேயே (பிளக் அமர்ந்திருக்கும் ஆழமான குழி) விட்டுவிட்டு வரும், பிளக்கின் வெள்ளைப் பீங்கானையும் விரிசல் விடச் செய்யும். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ், டார்ச், ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் பெட்ரோல் குழாய். முடிந்தால் எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச்.

அறிகுறி: நிற்கும்போது இன்ஜின் உதறுகிறது, சைலன்சரில் சத்தம் விட்டுவிட்டு வருகிறது

பட்டறையில் மிஸ்ஸிங் என்பார்கள். சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் கியர் லீவரும் ஒரு தாளத்தோடு நடுங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் நடுக்கம் குறைந்ததுபோல் தோன்றும். ஒரு சிலிண்டர் எரியாமல் சும்மா சுற்றுகிறது என்று அர்த்தம்.

முதலில் இது உண்மையிலேயே மிஸ்ஸிங்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். 3 சிலிண்டர் இன்ஜின் இயல்பாகவே ஐடிலில் சற்று நடுங்கும். வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கும், இப்போதுதான் கவனிக்கிறீர்கள். இன்ஜினைத் தாங்கும் ரப்பரான இன்ஜின் மவுண்ட் கிழிந்தாலும் வண்டி உதறும். வித்தியாசம் சைலன்சரில் தெரியும். அதன் வாய்க்கு எதிரே ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடியுங்கள். காகிதம் ஒரே சீராகப் படபடத்தால் சிலிண்டர்கள் எல்லாம் எரிகின்றன, மவுண்ட்டைப் பாருங்கள். நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுப்போனால் மிஸ்ஸிங்.

அடுத்து எந்த சிலிண்டர் என்பது. காரின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீட்டைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் இருந்தால் வேலை சுலபம். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே போகும். பி0300 என்றால் ஒன்று என்று குறிப்பிட முடியாமல் பல சிலிண்டர்களில் மாறிமாறி விடுகிறது.

பி0302 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே கடைக்கு ஓட வேண்டாம். இரண்டாவது சிலிண்டரின் காயிலையும் மூன்றாவதன் காயிலையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள். பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு வண்டியை ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0303 ஆக இடம்பெயர்ந்தால் கெட்டது காயில். பி0302 அசையாமல் அங்கேயே நின்றால் அடுத்து பிளக்கை அதேபோல் இடம் மாற்றுங்கள். குறியீடு பிளக்கோடு நகர்ந்தால் பிளக்தான். இரண்டையும் மாற்றியும் அது இரண்டாவது சிலிண்டரை விடவில்லை என்றால் அங்கே இன்ஜெக்டரோ வால்வோ கம்ப்ரஷனோ பிரச்சினை. எத்தனை பிளக் மாற்றினாலும் தீராது. ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கு பிளக்கும் நான்கு காயிலும் மாற்றச் சொல்லும் பட்டறையில் ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வயர் வகை வண்டியில் இருட்டிய பிறகு வீட்டு வாசலில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். விளக்குகளை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது எட்ட நின்று கவனியுங்கள். வயரின் உறையில் விரிசல் விட்டிருந்தால் அந்த இடத்திலிருந்து பக்கத்து இரும்புக்கு நீல நிறத்தில் மெல்லிய பொறி பாய்வது கண்ணுக்குத் தெரியும். தொட வேண்டாம், எந்த வயர் என்று குறித்துக்கொண்டால் போதும். மாற்றும்போது முழு செட்டாக மாற்றுங்கள்.

அறிகுறி: செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது

நின்று எரியும் விளக்குக்கும் மின்னும் விளக்குக்கும் வித்தியாசம் உண்டு. நின்று எரிந்தால் நிதானமாகப் பார்க்கலாம். மின்னினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாகப் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது; அதன் உள்ளிருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகிப்போகலாம். கன்வெர்ட்டரின் விலையைக் கேட்டவர்கள் அதற்குப் பிறகு மின்னும் விளக்கோடு வண்டி ஓட்ட மாட்டார்கள். ஓரமாக நிறுத்துங்கள். மெதுவாக வீடு வரை போய்விடலாம் என்ற கணக்கு வேண்டாம்.

அறிகுறி: காலையில் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

செல்ஃப் சோர்வாகச் சுற்றினால் பேட்டரி. வேகமாகச் சுற்றியும் பிடிக்காமல், பின்பக்கம் பெட்ரோல் வாடை அடித்தால் பிளக்குகள் நனைந்திருக்கின்றன.

முந்தைய நாள் என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கோலம் போட இடம் வேண்டும், பந்தல் போட வேண்டும், கழுவ வேண்டும் என்று வண்டியை ஸ்டார்ட் செய்து பத்தடி நகர்த்தி உடனே அணைத்திருப்பீர்கள். குளிர்ந்த இன்ஜின் கிளம்பக் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும். அது எரிந்து தீர்வதற்குள் சாவியைத் திருப்பினால் பிளக்கின் மேல் அப்படியே படியும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் மறுநாள் காலை வண்டி கிளம்பாது. பிளக்கில் எந்தக் குறையும் இல்லை.

பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தி வைத்துக்கொண்டு செல்ஃப் போட்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும். ஐந்து விநாடி, சிறிது இடைவெளி, மறுபடி ஐந்து விநாடி. கிளம்பியதும் காலை எடுத்துவிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துக் காயவைத்துப் பூட்டலாம்.

பிளக்கைக் கழற்றி இன்ஜின் உடம்பில் தொடவைத்து, செல்ஃப் போட்டுப் பொறி வருகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை இந்த நிலையில் தயவுசெய்து செய்யாதீர்கள். திறந்திருக்கும் பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவியாக வெளியே வரும், பக்கத்திலேயே பொறி பறக்கும். தீப்பிடிக்க வேறெதுவும் வேண்டாம்.

அறிகுறி: ஐடிலில் நன்றாக இருக்கிறது, மேடு ஏறும்போது வெட்டுகிறது

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதோ, நான்கு பேரோடு ஏசியும் போட்டு மேம்பாலம் ஏறும்போதோ வண்டி வெட்டிவெட்டிப் போகும். சமதளத்தில் தங்கமாக ஓடும். இது தேய்ந்த பிளக்கின் கையெழுத்து. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக் முனையில் உள்ள இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்ட் வேண்டும். எலக்ட்ரோடு (பொறி பாயும் உலோக முனை) தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் காயிலால் அதைத் தர முடியாது, அல்லது பொறி வேறு வழி தேடிக்கொள்ளும்: காயிலின் ரப்பர் உறையைக் கிழித்துக்கொண்டோ, பீங்கானின் வெளிப்புறத்தில் ஊர்ந்தோ. கழற்றிப் பார்த்தால் பீங்கானில் பென்சிலால் நேர்க்கோடு இழுத்ததுபோல் கறுப்புத் தடம் இருக்கும், ரப்பர் உறையின் உள்ளேயும் அதற்கு நேராக இன்னொன்று. இப்படித் தடம் விழுந்த உறையைத் துடைத்துப் பயனில்லை. பிளக்கை மட்டும் மாற்றினால் புதிய பிளக்கிலும் பொறி அதே தடத்தில் ஊரும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

சிஎன்ஜி போட்ட வண்டிகளில் இந்தத் தேய்மானம் முன்கூட்டியே தெரியும். வாயு எரிய அதிக வோல்ட் கேட்பதால், பெட்ரோலில் சீராகவும் சிஎன்ஜியில் வெட்டியும் ஓடினால் முதலில் பிளக் இடைவெளியை அளந்துவிடுங்கள்.

அறிகுறி: மழைக்குப் பிறகு, அல்லது வாட்டர் சர்வீஸ் முடிந்து வந்ததும் மிஸ்ஸிங்

இதில் சந்தேகமே வேண்டாம், பிளக் கிணற்றில் தண்ணீர். சர்வீஸ் நிலையத்தில் அதிவேகத் தண்ணீரை இன்ஜின் மேல் நேராக அடித்திருப்பார்கள். பானெட் பளபளக்கும், காயிலின் ரப்பருக்குக் கீழே அரை டம்ளர் தண்ணீர் தேங்கியிருக்கும்.

காயில்களைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் பிளக்கைக் கழற்றாதீர்கள். கழற்றிய மறுநொடி அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கும். ஊசி இல்லாத சிரிஞ்சில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி உறிஞ்சி எடுங்கள். பிறகு துணி, பிறகு காற்று. காயிலின் ரப்பரையும் அதற்குள் இருக்கும் ஸ்பிரிங்கையும் காயவைத்துப் பூட்டினால் பெரும்பாலும் வண்டி பழைய நிலைக்கு வந்துவிடும். பல வாரங்கள் தண்ணீர் தேங்கியே கிடந்திருந்தால் பிளக்கின் அறுகோணம் துருவேறியிருக்கும். அது அடுத்த முறை கழற்றும்போது தன் வேலையைக் காட்டும். அடுத்த தடவை வாட்டர் சர்வீஸ் கொடுக்கும்போது இன்ஜின் மேல் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

மழைக்காலத்தில் இன்னொரு வில்லன் எலி. கதகதப்புக்கு வந்து ஒண்டும், காயிலுக்குப் போகும் மெல்லிய வயரைக் கடிக்கும். பிளக்கைத் தொடும் முன் வயர்களை ஒருமுறை கண்ணால் தடவுங்கள்.

கழற்றும்போது வரும் சிக்கல்கள்

ஒரு நேரத்தில் ஒரு சிலிண்டர் மட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றிப் போட்டால் எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போகும், வயர் வகை வண்டியில் வரிசை மாறி இன்ஜின் கிளம்பவே செய்யாது. முட்டை அட்டையில் 1, 2, 3, 4 என்று எழுதி அதில் பழைய பிளக்குகளை வரிசையாக நிறுத்தி வையுங்கள்.

காயிலின் கனெக்டர் வரவில்லை என்றால்: இன்ஜின் சூட்டில் பல வருடம் வெந்த பிளாஸ்டிக் அது, அப்பளம் மாதிரி உடையும். பூட்டுத் தாழ்ப்பாளை முதலில் உள்பக்கம் சற்றுத் தள்ளி, பிறகு அழுத்தி, அதன் பிறகு இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. காயில் ஒட்டிக்கொண்டிருந்தால் மேலே இழுக்கும் முன் இடமும் வலமும் மெல்லத் திருகி ரப்பரின் பிடியை விடுவியுங்கள்.

கிணற்றில் மண்ணும் பொடிக்கல்லும் தெரிந்தால்: பிளக்கைத் திருகும் முன் காற்றடித்து வெளியேற்றுங்கள். வீட்டில் கம்ப்ரசர் இல்லாவிட்டால் சைக்கிள் பம்ப் போதும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நேராக முகத்துக்குத்தான் வரும். இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்த்தால் மணல் சிலிண்டருக்குள் விழுந்து சுவரைக் கீறும்.

கிணற்றில் எண்ணெய் நின்றால்: இன்ஜினின் மேல்மூடியான டாப்பெட் கவரின் பேக்கிங் அல்லது பிளக் குழாயைச் சுற்றியுள்ள சீல் கசிகிறது. துணியை ஸ்குரூ டிரைவரில் சுற்றி எண்ணெயை ஒற்றி எடுத்த பிறகே பிளக்கைக் கழற்றுங்கள். எண்ணெய் காயிலின் ரப்பரை ஊறவைத்துத் தளர்த்திவிடும். அதனால் பேக்கிங்கை மாற்றாமல் பிளக்கை மட்டும் மாற்றுவது காசைக் கரியாக்கும் வேலை.

பிளக் அசையவே இல்லை என்றால்: எக்ஸ்டென்ஷன் நேராக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள், சாய்ந்த அழுத்தம் பீங்கானை உடைக்கும். நீளக் குழாயை மாட்டி மிதிப்பது, சுத்தியலால் தட்டுவது, இம்பாக்ட் கன் போடுவது எதுவும் இங்கே கூடாது. துருவை இளக்கும் எண்ணெயைச் சில சொட்டு விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள்.

பிளக் சிறிது திரும்பிப் பிறகு இறுகினால்: இந்த இடத்தில்தான் மரை போகிறது. வந்தவரை வரட்டும் என்று பலம் கொடுத்தால் கரியோ துருவோ மரைக்குள் சிக்கி அலுமினியத்தை உழுதுகொண்டு வரும். நிறுத்துங்கள். கால் சுற்று மறுபடி உள்ளே இறுக்குங்கள். எண்ணெய் விடுங்கள். காத்திருங்கள். மறுபடி வெளியே, இறுகியதும் மறுபடி உள்ளே. முன்னும் பின்னுமாக இப்படி விளையாடியே வெளியே கொண்டுவர வேண்டும். சில பிளக்குகளுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். கொஞ்சமும் மசியவில்லை என்றால் அப்படியே இறுக்கி வைத்துவிட்டு அனுபவமுள்ள கைக்குக் கொண்டுபோங்கள். பாதியில் நிற்கும் பிளக்கோடு வண்டியை ஓட்டாதீர்கள்.

பீங்கான் உடைந்து உள்ளே விழுந்துவிட்டது என்ற சந்தேகம் வந்தால் செல்ஃப் போடவே கூடாது. பட்டறைக்குத் தூக்கிப் போகும் செலவைப் பார்க்காதீர்கள்.

கழற்றிய பிளக்கின் முகம்

நாக்கை நீட்டச் சொல்லும் வைத்தியர் போல இங்கே கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். வெளிச்சத்தில், நான்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மாறியிருந்தால் கோளாறு அந்த சிலிண்டரில். நான்கும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில்.

வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் கலந்த பழுப்பு: நல்ல ஆரோக்கியம். எலக்ட்ரோடின் ஓரம் கூர்மையாக இருந்து இடைவெளியும் சரியாக இருந்தால் தூரக் கணக்கு முடியும்வரை அதையே திரும்பப் பூட்டலாம்.

உலர்ந்த கறுப்புப் புகைக்கரி, விரலால் தொட்டால் மை போல் ஒட்டும்: பெட்ரோல் அதிகம் அல்லது சூடு போதவில்லை. பிளக்கின் முனை சுமார் 450 முதல் 500 டிகிரி செல்சியஸ் எட்டினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். பள்ளிக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் அந்தச் சூடு வருவதே இல்லை. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஒருமுறை சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வந்தாலே சில வண்டிகள் தெளிந்துவிடும். அப்படியும் கரி படிந்தால் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.

ஈரமான, வழவழப்பான கறுப்பு: முனையில் எண்ணெய். பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக எண்ணெய் உள்ளே இறங்குகிறது. சைலன்சரில் நீலப்புகையும் சேர்ந்து வந்தால் உறுதி. எண்ணெய் பிளக்கின் மேல்பாதியில் மட்டும் இருந்தால் பயம் வேண்டாம், அது முன்பு சொன்ன டாப்பெட் கவர் கசிவு. இரண்டையும் குழப்பிக்கொண்டு இன்ஜின் போய்விட்டது என்று நடுங்கியவர்கள் உண்டு. குழப்பிவிட்டுக் காசு பார்ப்பவர்களும் உண்டு.

சுண்ணாம்பு வெள்ளை, கொப்புளம், உருகிய எலக்ட்ரோடு: அதீதச் சூடு. பிளக் சரியாக இறுக்கப்படாமல் இருந்திருக்கலாம், தவறான வெப்ப எண் (பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக இறக்கும் என்று காட்டும் எண்) உள்ள பிளக் போட்டிருக்கலாம், பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகியிருக்கலாம், குளிரூட்டும் நீரில் கோளாறு இருக்கலாம். புதுப் பிளக் போட்டு மறந்துவிடும் ரகம் அல்ல இது. தொடர்ந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

பீங்கானின் வெளியே, இரும்பு உடம்பை ஒட்டி ஒரு பழுப்பு வளையம்: இதைப் பார்த்துக் கம்ப்ரஷன் கசிகிறது என்பார்கள். கசிவு இல்லை. அதிக மின்னழுத்தம் சுற்றியுள்ள எண்ணெய்ப் பசையைப் பீங்கானோடு ஈர்த்து ஒட்டவைத்த கறை. அப்படியே விட்டுவிடலாம்.

புதிய பிளக் வாங்கும்போது

வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணைக் காட்டி வாங்குங்கள், "இதுவும் அதுவும் ஒன்றுதான் சார்" என்ற கடைக்காரரின் வாக்கை நம்பி அல்ல. என்ஜிகே பிளக்கில் பிபிஆர்6இஎஸ்-11 என்று இருந்தால் அதில் 6 வெப்ப எண், 11 என்பது 1.1 மி.மீ. இடைவெளி. என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடினால் பிளக் குளிர்ச்சியானது. பாஷில் நேர்மாறாக, எண் கூடினால் சூடானது. பழைய மெக்கானிக்குகள் இன்றும் மைக்கோ பிளக் என்று கேட்பார்கள்; அந்தக் கம்பெனி 2008-இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொன்றில் அப்படியே கேட்டு வாங்கினால் என்ன ஆகும் என்பது இதிலிருந்தே புரியும்.

இரிடியம் போட்டால் மைலேஜ் பறக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதன் உண்மையான லாபம் ஆயுள். சாதாரண நிக்கல் பிளக் 20,000 முதல் 40,000 கி.மீ.க்குள் ஓய்ந்துவிடும், நல்ல இரிடியம் 1 லட்சம் கி.மீ. வரை தாங்கக்கூடும். கையேடு இரிடியம் கேட்கும் வண்டியில் மலிவுக்காக நிக்கல் போடாதீர்கள், அவ்வளவுதான்.

போலிகள் சந்தையில் தாராளம். பீங்கானில் எழுத்து மங்கலாக இருப்பது, நடு எலக்ட்ரோடு கோணலாக நிற்பது, வாஷர் கழன்று விழுவது, ஒரே செட்டில் இடைவெளி ஆளுக்கொரு விதமாக இருப்பது ஆகியவை அடையாளங்கள். கீழே விழுந்த பிளக்கை, பார்க்க நன்றாக இருந்தாலும், ஒதுக்கிவிடுங்கள். பீங்கானுக்குள் விழுந்த மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். திருத்த வேண்டுமானால் வெளிப்பக்க எலக்ட்ரோடை மட்டும் மெல்ல வளைக்கலாம். இரிடியத்தின் முனை 0.4 முதல் 0.6 மி.மீ. கனம்தான், கேஜை அதன்மேல் நெம்பினால் ஒடிந்துவிடும். அதைக் கம்பி பிரஷால் தேய்ப்பதும் கூடாது.

பூட்டும்போது

ரப்பர் குழாயைப் பிளக்கின் தலையில் செருகி, கிணற்றுக்குள் இறக்கி, விரல்களால் குழாயைத் திருப்புங்கள். முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்றினால் மரைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு விழுகை கைக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம். சரியாகப் பிடித்திருந்தால் பிளக் எந்த எதிர்ப்பும் இல்லாமல் பல சுற்று உள்ளே போகும். கோணலாகப் பிடித்திருந்தால் ரப்பர் குழாய் பிளக்கின் தலையில் வழுக்கிச் சுற்றும். மரையைக் கெடுக்கும் பலம் அதற்கு இல்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு. ராட்செட் கையில் வருவது வாஷர் தரையைத் தொட்ட பிறகே.

டார்க் ரெஞ்சில் வைக்க வேண்டிய இறுக்கம் (டார்க்), அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. மரைக்குப் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20, 10 மி.மீ. மரைக்கு 10 முதல் 12. கையேடு வேறு சொன்னால் கையேடு சொல்வதே சரி. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால்: வாஷர் உள்ள புதிய 14 மி.மீ. பிளக்கைக் கையால் முழுக்கத் திருகிய பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று. வாஷர் நசுங்குவது கைக்குத் தெரியும். ஏற்கெனவே நசுங்கிய வாஷரோடு பழைய பிளக்கையே பூட்டினால் பன்னிரண்டில் ஒரு சுற்று போதும். வாஷரே இல்லாத, கூம்பு வடிவில் அமரும் பிளக்குக்குப் பதினாறில் ஒரு சுற்று. இந்தக் கடைசி ரகத்தை அரைச் சுற்று இறுக்கியவர் அடுத்த முறை கழற்றும்போது அழ வேண்டியிருக்கும்.

மரையில் கிரீஸ், காப்பர் பேஸ்ட் எதுவும் தடவ வேண்டாம் என்றே பிளக் தயாரிப்பாளர்கள் பலர் சொல்கிறார்கள். முலாம் பூசிய மரைக்கு அது தேவையில்லை. வழுக்கல் கூடினால் அதே டார்க்கில் பிளக் அளவுக்கு மீறி இறுகி மரை நீளும். காயிலின் ரப்பர் உறைக்குள் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் ஒரு பொட்டு வைக்கலாம், அடுத்த முறை உறை கிழியாமல் வரும். காயிலை அழுத்தும்போது அது பிளக்கின் தலையில் அமரும் சத்தமோ உணர்வோ கிடைக்க வேண்டும். கனெக்டரைச் செருகித் தாழ்ப்பாள் விழுந்ததை உறுதிசெய்த பிறகே அடுத்த சிலிண்டருக்குப் போங்கள்.

பூட்டிய பிறகும் தீரவில்லை என்றால்

முன்பு இல்லாத மிஸ்ஸிங் இப்போது வந்தால் ஏதோ ஒரு கனெக்டர் பாதியில் நிற்கிறது, அல்லது வயர் வரிசை மாறியிருக்கிறது. பத்தில் ஒன்பது முறை இவ்வளவுதான்.

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜினிலிருந்து "சிக் சிக்" என்று காற்று விடும் சத்தம் வந்தால் ஒரு பிளக் தளர்ந்திருக்கிறது. உடனே அணைத்து, ஆறவிட்டு, இறுக்குங்கள். பிளக்கின் சூடு ஹெட்டுக்கு இறங்குவது அது அமர்ந்திருக்கும் தளத்தின் வழியாகவும் மரையின் வழியாகவும்தான். தளர்ந்த பிளக் அந்தச் சூட்டை இறக்க வழியில்லாமல் வெந்துபோகும், சில சமயம் மரையையும் பிடுங்கிக்கொண்டு வெளியே தெறிக்கும்.

மரை கொஞ்சம் போய்விட்டது, பிளக் கடைசிச் சுற்றில் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் வண்டியை ஓட்டாதீர்கள். நல்ல பட்டறையில் பழைய மரையைக் குடைந்துவிட்டு ஹெலிகாயில் எனும் சுருள் கம்பியோ இரும்பு உறையோ பதித்துப் புது மரை போடுவார்கள். சரியாகச் செய்தால் பழையதைவிட உறுதியாக நிற்கும். ஹெட்டைக் கழற்றாமலே செய்து தருகிறேன் என்பவரிடம், குடையும் தூள் உள்ளே விழாமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே ஆளின் தரம் தெரிந்துவிடும்.

புதுப் பிளக்குகள் நான்கும் ஓரிரு மாதத்திலேயே மறுபடி கறுத்தால் மூன்றாவது செட் வாங்காதீர்கள். வெப்பமானி முள்ளைக் கவனியுங்கள்: நெடுஞ்சாலையில் அரை மணி ஓட்டியும் அது நடுவுக்கு ஏறவில்லை என்றால் குளிரூட்டும் நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கிறது. அதனால் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கும். முள் சரியாக ஏறினால் ஆக்சிஜன் சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு பிளக் மட்டும் திரும்பத் திரும்பக் கறுத்தால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் சொட்டுகிறதா என்றும், கம்ப்ரஷன் மற்றவற்றுக்கு இணையாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பட்டறைக்குப் போகும்போது எண் எழுதிய முட்டை அட்டையைப் பிளக்குகளோடு கையோடு எடுத்துப் போனால் மெக்கானிக்குக்குப் பாதி விவரம் அங்கேயே கிடைத்துவிடும்.